மே மாத மலைப்பயணத்துக்கு ஐஸ் பெட்டி: எது உழைக்கும், எதைப் பார்த்து வாங்குவது?

பாலக்கரை_பயணி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. மே மாதம் திருச்சியிலிருந்து கோத்தகிரிக்குக் காரில் போகிறோம். ஆறு பேர், இரண்டு இரவு. தனியார் தேயிலைத் தோட்டத்துக்குள் அனுமதியோடு கூடாரம் போடும் இடம். மின்சாரம் கிடையாது, சமையல் நாங்களே. கொண்டுபோக நினைத்திருப்பது: கோழி 2 கிலோ, வஞ்சிரம் 1.5 கிலோ, இட்லி மாவு 3 லிட்டர், பால் 6 லிட்டர், தயிர் 1 லிட்டர், கொஞ்சம் வெண்ணெய், போக குடிக்கத் தண்ணீரும் ஜூஸும்.

வீட்டில் இருப்பது 26 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி. மூடியின் கீல் பிய்ந்துவிட்டது, ஐஸும் ஒரு நாளைத் தாண்டுவதில்லை. இந்த முறை வாங்கினால் பத்து வருஷமாவது உழைக்க வேண்டும். விசாரித்ததில் நான்கு வகை சொல்கிறார்கள்: வீட்டு உபயோகக் கடைகளில் கிடைக்கும் 45–50 லிட்டர் பெட்டி, ‘ஐந்து நாள் ஐஸ் நிற்கும்’ என்று போட்டிருக்கும் வெளிநாட்டு ரோட்டோமோல்டு பெட்டி (ஒட்டு இல்லாமல் ஒரே வார்ப்பில் செய்தது, விலை பல மடங்கு), மீன் வியாபாரிகள் வைத்திருக்கும் பஃப் (ஃபோம் அடைத்த) பெட்டி, காரில் சொருகும் 12 வோல்ட் பெட்டி. என் தேவைக்கு எந்த அளவு, எந்த வகை? மீன் பெட்டியில் பால், மாவு வைக்கலாமா?

வண்டி ஏழு பேர் உட்காரும் கார்.

---

வெப்பக்கணக்கு

பிராண்டைப் பார்க்கும் முன்னால் ஒரு கணக்கு போட்டுவிடுங்கள் சார். எந்தப் பெட்டியும் குளிரை உண்டாக்குவதில்லை. வெளியிலிருக்கும் வெப்பம் உள்ளே வருவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். வந்து சேரும் வெப்பத்தை ஐஸ் உருகி உருகி வாங்கிக்கொள்கிறது. ஒரு கிலோ ஐஸ் முழுக்க உருக 334 கிலோஜூல் வேண்டும். இந்த ஒரு எண் தெரிந்தால் போதும், ‘ஐந்து நாள்’, ‘ஏழு நாள்’ என்ற ஸ்டிக்கர்களை நம்பவேண்டிய அவசியம் இல்லை.

உள்ளளவு 52 × 32 × 30 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏறத்தாழ 50 லிட்டர். சுவரிலும் மூடியிலும் 5 செ.மீ. பாலியூரித்தேன் ஃபோம் (கடையில் பஃப் என்பார்கள்) நிறைந்திருந்தால், உள்ளே 0 டிகிரியும் வெளியே 32 டிகிரியும் இருக்கும்போது சுமார் 17 வாட் வெப்பம் நுழையும். அது நாளொன்றுக்கு 4.4 கிலோ ஐஸைத் தின்னும். ஃபோம் 2.5 செ.மீ.தான் என்றால் 29 வாட், 7.5 கிலோ. அதே 5 செ.மீ. தெர்மாகோலாக இருந்தால் 6.5 கிலோ. பெயர் எதுவாக இருந்தாலும் தடிமனும் ஃபோமின் வகையும்தான் விடையைத் தீர்மானிக்கின்றன.

இனி உங்கள் பயணம். சமவெளியில் மே வெயிலில் காரின் பின்பக்கம் 45 டிகிரி தொடும். எட்டு மணி நேரப் பயணம் என்றால் 5 செ.மீ. பெட்டியில் 2 கிலோ ஐஸ் போகும், 2.5 செ.மீ. பெட்டியில் 3.5 கிலோ. மேலே போய்விட்டால் நிலைமை மாறுகிறது. கோத்தகிரியில் இரவு பகல் சேர்த்துச் சராசரி 20 டிகிரி என்று எடுத்தால் நாளுக்கு 2.7 கிலோவும் 4.7 கிலோவும். ஆக இரண்டு நாளும் பயணமும் சேர்ந்து, சுவர் வழியாக மட்டும் போவது முறையே 7.5 கிலோ, 13 கிலோ. மூடியைத் திறந்து மூடுவதற்கும், முழுதாகக் குளிராத பொருள்களுக்கும் பாதிக்குப் பாதி கூட்டுங்கள். தடித்த சுவர்ப் பெட்டிக்கு 11–12 கிலோ, மெல்லியதற்கு 19–20 கிலோ.

பொருள்களின் சூடுதான் எல்லாரும் மறக்கிற இடம். 32 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 4 டிகிரிக்குக் கொண்டுவர 350 கிராம் ஐஸ் செலவாகும். கடையில் வாங்கிய சூட்டோடு பத்து பாட்டில் தண்ணீரை உள்ளே தள்ளினால் மூன்றரைக் கிலோ ஐஸ் போச்சு; மலையில் ஒரு நாளுக்கு மேல் தாங்கவேண்டிய ஐஸ் அது. எதை வைத்தாலும் முந்தின இரவே ஃபிரிட்ஜில் குளிர வைத்துவிட்டு வையுங்கள்.

அளவுக்கு வருவோம். பால் 6 லிட்டரையும் திருச்சியிலிருந்து சுமக்க வேண்டாம், ஆவின் கோத்தகிரியிலும் கிடைக்கும். முதல் நாளுக்கு 2 லிட்டர் போதும். கறி, மீன், மாவு, தயிர், பால் எல்லாம் சேர்த்து 13–14 லிட்டர். பாத்திரங்களுக்கு நடுவில் வீணாகும் இடத்தையும் சேர்த்தால் 20. ஐஸ் 12 கிலோ கட்டியாக இருந்தால் 13 லிட்டர், துண்டுகளாக இருந்தால் 18–20 லிட்டர் பிடிக்கும். எனவே 5 செ.மீ. சுவருள்ள 40–45 லிட்டர் பெட்டி சரியாக இருக்கும். மெல்லிய சுவர் என்றால் 55–60 லிட்டர் வேண்டியிருக்கும். விலைகூடிய ‘ஐந்து நாள்’ பெட்டி இரண்டு இரவுக்குத் தேவையில்லை. காசைத் தடித்த மூடிக்கும் நல்ல கேஸ்கெட்டுக்கும் (மூடி விளிம்பு ரப்பர்) கொடுங்கள்.

வெளிநாட்டுப் பெட்டிகளில் அளவு குவார்ட் கணக்கில் இருக்கும். ஒரு குவார்ட் 0.946 லிட்டர், கிட்டத்தட்ட லிட்டர்தான். ஆனால் மாடல் பெயரில் இருக்கும் எண்ணை அப்படியே கொள்ளளவாக எடுக்காதீர்கள். உள்ளளவை டேப் வைத்து அளந்து பெருக்கிப் பாருங்கள்.

---

துறைமுகத்து_ஐஸ்

தம்பி, மீன் பெட்டிய பத்தி நான் சொல்றேன். காசிமேட்டுலயும் தூத்துக்குடியிலயும் வியாபாரிங்க வச்சிருக்கிற கெட்டிப் பெட்டி பெரும்பாலும் ரோட்டோமோல்டிங்தான். மாடியில வைக்கிற தண்ணி டேங்க் செய்யற அதே முறை. அச்சுக்குள்ள பாலித்தீன் தூளப் போட்டு, சூட்டுல சுத்தவிட்டு, வெளிச்சுவரும் உள்சுவரும் ஒரே உடம்பா வந்துரும். நடுவுல பஃப் ஊத்துவாங்க. ஒட்டு இல்ல, மூட்டு இல்ல, அதனாலதான் தினமும் லாரியில ஏத்தி இறக்கினாலும் தாங்குது. நில்கமல் மாதிரி நம்ம நாட்டுக் கம்பெனிங்களே செய்றாங்க. வெளிநாட்டுப் பெட்டியோட உழைப்பு ரகசியமும் இதேதான்.

வீட்டு உபயோகப் பெட்டி வேற சாதி. வெளிக்கூடு தனி, உள்தொட்டி தனி, ரெண்டையும் விளிம்புல சொருகி இருப்பாங்க. அந்த விளிம்புதான் முதல்ல விடும். விட்ட இடத்துல தண்ணி எறங்கி ஃபோம் ஊறிடும். ஊறின ஃபோம் காயாது. பெட்டி கனக்கும், ஐஸ் நிக்காது, உள்ளாற நாத்தம் வேற.

கடையில இதெல்லாம் பாருங்க. மூடிய விரல் முட்டியால தட்டுங்க. நடுவுல, நாலு மூலையில, அப்புறம் ஓரத்துல. மொத்தமும் ‘தொப்’னு ஒரே மாதிரி மந்தமா கேட்டா ஃபோம் நெறஞ்சிருக்கு. டப்பா மாதிரி கணகணன்னு கேட்டா மூடி காலி. நெறய மலிவுப் பெட்டியில சுவர்ல ஃபோம் இருக்கும், மூடியில வெறும் காத்துதான். ஏற்கனவே அப்படி வாங்கிட்டவங்க, யோகா மேட்ட உள்ளளவுக்கு வெட்டி சாமான் மேலயே படுக்கப் போடுங்க, நல்லாவே வித்தியாசம் தெரியும்.

கீல பாருங்க. மெல்லிசா மடியற பிளாஸ்டிக் கீல் வேணவே வேணாம், வெயில் பட்டுப் பட்டு ஒரு நாள் பொட்டுனு போயிடும். நீளமா ஒரே எவர்சில்வர் கம்பி ஊடுருவிப் போற கீல்தான் ஆயுசுக்கும் வரும். கம்பிய உருவி எடுக்க முடியுதான்னு பாருங்க. முடிஞ்சா மூடியக் கழட்டிக் கழுவலாம், கம்பி மட்டும் மாத்தலாம். லாக் ரப்பர் இழுப்பா இருந்தா நல்லது, ஆனா அதுவும் தேய்மானச் சாமான்தான். உபரி லாக், உபரி கேஸ்கெட், தண்ணி வடிக்கிற டிரெயின் பிளக் உபரியா ஒண்ணு, இதெல்லாம் தனியா விக்கிறாங்களான்னு கேட்டுட்டு வாங்குங்க. அத விக்காத கம்பெனிப் பெட்டி எவ்வளவு கெட்டியா இருந்தாலும் ஒரு ரூபா ரப்பருக்காக மூலையில போயிரும்.

மூடியோட ரப்பர் பதியுதான்னு பாக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். காகிதத்த விளிம்புல வச்சு மூடி, லாக் போட்டு, இழுங்க. சுத்தி எட்டு இடத்துல. எங்கயாவது சுளுவா வந்துட்டா அங்க காத்து போகுது. மூடி லேசா கோணியிருந்தாலும் இதுல தெரிஞ்சிடும்.

டிரெயின் பிளக் துளைய டார்ச் அடிச்சுப் பாருங்க. உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவுல குழாய் ஒரே துண்டா வரணும். நடுவுல மஞ்சளா ஃபோம் தெரிஞ்சா அந்தப் பெட்டி ஒரு சீசன்ல ஊறிரும், எடுக்காதீங்க.

பால், மாவு வைக்கலாமா? புதுப் பெட்டின்னா தாராளமா. உணவுத் தரப் பாலித்தீன்தானான்னு கேட்டுக்கங்க. ஆனா ஏற்கனவே மீன் வச்ச பழைய பெட்டி மலிவா வருதுன்னு எடுக்காதீங்க. பாலித்தீன் வாசனைய உறிஞ்சிக்கும், பாலுக்கு அது ஒடனே ஏறும். சோடா உப்பு போட்டுத் தேச்சாலும் மீன் கவிச்சி முழுசா போகாது.

---

பாலக்கரை_பயணி

இருவருக்கும் நன்றி. உறையூர் மீன் மார்க்கெட் பக்கம் பார் ஐஸ் (பெரிய ஐஸ் கட்டி) வாங்கிக்கொள்ளலாமா, வீட்டு ஃபிரீசரில் பாட்டிலில் தண்ணீர் உறைய வைப்பதா? இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில்கள் நிறைய இருக்கின்றன.

---

தேயிலைமேடு

அந்த பாட்டில்களை எடுத்துவராதீர்கள். நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் குளிர்பான பாட்டிலுக்கும் தடை இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும்போது குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் வண்டியைப் பார்ப்பார்கள். உறைந்த பாட்டிலும் பாட்டில்தான். அங்கே பறிகொடுத்தால் உங்கள் பெட்டியின் பாதிக் குளிர் அங்கேயே இறங்கிவிடும். நீலகிரிக்கு இ-பாஸும் வேண்டும், 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது, கிளம்பும் முன்பே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள்.

பாட்டிலுக்குப் பதில் ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாக்கள் நன்றாக வேலை செய்யும். சதுரமாக இருப்பதால் இடைவெளி இல்லாமல் அடுக்கலாம். தண்ணீர் உறையும்போது பத்தில் ஒரு பங்கு பெருக்கும், அதனால் முக்கால் அளவுக்குக் கொஞ்சம் மேலே மட்டும் நிரப்புங்கள். எவர்சில்வர் டப்பாவும் ஆகும், ஆனால் இறுக்கமாக மூடி உறைய வைத்தால் அடிப்பக்கம் புடைத்துக்கொள்ளும். உறைந்த பிறகு மூடுங்கள். காசு செலவழிக்கத் தயார் என்றால் கெட்டி உறை போட்ட ஜெல் பேக்குகள் வாங்கலாம். உருகினாலும் தண்ணீர் வெளியே வராது என்பது மட்டுமே அவற்றின் மேன்மை. எடைக்கு எடை சாதாரண ஐஸைவிட அவை அதிகக் குளிரைப் பிடித்துவைப்பதில்லை.

வீட்டு ஃபிரீசரில் 10 கிலோ தண்ணீரை ஒரே ராத்திரியில் உறைய வைக்க முடியாது. அது நாளுக்கு மூன்று நான்கு கிலோவைத்தான் முழுசாக உறைய வைக்கும், மேலே தோல் மட்டும் கட்டியிருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. மூன்று நாள் முன்னாலிருந்தே ஆரம்பியுங்கள். கோழியையும் மீனையும் ஒருவேளைச் சமையலுக்கு ஒன்றாகப் பிரித்து, தட்டையான பொட்டலமாக்கி அதே ஃபிரீசரில் கல்லாக உறைய வையுங்கள். 3.5 கிலோ உறைந்த கறி கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோ ஐஸுக்குச் சமம், இடமும் மிச்சம். இளகிய பிறகு அன்றே சமைத்துவிட வேண்டும்.

பார் ஐஸ் வாங்குவதில் தப்பில்லை. பெரிய கட்டி, சில்லு ஐஸைவிட மெதுவாகத்தான் உருகும். ஆனால் ஐஸ் ஃபேக்டரிக் கட்டி குடிநீரில் செய்ததாக இருக்கவேண்டும் என்பதில்லை. உண்ணத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்கவேண்டும் என்று எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதியே இருக்கிறது. நிறம் இல்லாவிட்டாலும் அதைக் குடிக்காத ஐஸாகவே நினையுங்கள். கட்டியைத் தடித்த பையில் போட்டுக் கட்டி அடியில் வையுங்கள், உருகிய நீர் உணவில் படக்கூடாது.

அடுக்குவது இப்படி. கிளம்புவதற்கு முந்தின இரவு பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து, இரண்டு கிலோ ஐஸைப் போட்டு மூடிவையுங்கள். மொட்டைமாடியில் கிடந்த பெட்டியின் சுவரே அத்தனை சூட்டை வைத்திருக்கும். காலையில் அந்த ஐஸைக் கொட்டிவிட்டுப் புதிதாக அடுக்குங்கள். அடியில் கட்டி, அதன் மேல் கறியும் மீனும், அதற்கு மேல் ஒரு வரிசை ஐஸ் டப்பா, பிறகு மாவு, தயிர், பால். பால் பாக்கெட்டை வெறுமனே வைத்தால் ஐஸ் முனை குத்திக் கிழியும், ஒரு தூக்குவாளிக்குள் நிறுத்திவையுங்கள். மாவை முந்தின நாள் அரைத்து, பொங்கும் முன்பே ஃபிரிட்ஜில் வைத்து, பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு இடம் விட்டு எடுத்துவாருங்கள். மலைக்குளிரில் அது பொங்குவதற்கே நேரமாகும், சமைப்பதற்கு முந்தின மாலை வெளியே எடுத்துவைக்க வேண்டியிருக்கும். மேலே மிச்சமிருக்கும் காற்றிடத்தைத் துண்டு போட்டு நிரப்புங்கள்.

முட்டை, வெங்காயம், தக்காளி, பழம் எதற்கும் ஐஸ் வேண்டாம். குடிக்கிற சாமான் எதையும் இந்தப் பெட்டியில் வைக்காதீர்கள். பத்து லிட்டர் சின்னப் பெட்டியோ பையோ தனியாக வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பழைய 26 லிட்டரே போதும். குழந்தைகள் இருந்தால் கால் மணிக்கு ஒரு தடவை மூடி திறக்கும். திறப்பது ஜூஸ் பெட்டியாக இருக்கட்டும், கறிப் பெட்டி நாளுக்கு மூன்று தடவைக்கு மேல் திறக்க வேண்டியதில்லை.

ஒரு விஷயம் முக்கியம். கோத்தகிரி தேயிலைக் காடுகளில் கரடி நடமாட்டம் சாதாரணம், குரங்கும் காட்டுப்பன்றியும் கேட்கவே வேண்டாம். ரப்பர் லாக்கைக் குரங்கு திறந்துவிடும். பெட்டி இரவில் பூட்டிய காருக்குள் இருக்கட்டும், கூடாரத்துக்குள் ஒருபோதும் வேண்டாம். அமெரிக்காவில் கரடி தாங்கும் பெட்டி என்று சான்றிதழ் தருகிறார்கள். வளர்ப்பிலிருக்கும் கிரிஸ்லி கரடிகளிடம் 60 நிமிடம் விட்டுப் பார்க்கும் சோதனை அது, அந்தப் பெட்டிக்கும் பூட்டு போட்டால்தான் சான்றிதழ் செல்லும். மீன் கழுவிய தண்ணீரையும் பெட்டியில் வடிந்த தண்ணீரையும் கூடாரத்திலிருந்து தள்ளி, ஓடைக்குப் பக்கத்தில் இல்லாமல் ஊற்றுங்கள்.

---

நீர்வடி

மற்றதெல்லாம் சரி. உருகிய தண்ணீரை வடிப்பதா வேண்டாமா என்பதை யாரும் சொல்லவில்லையே. நிறையப் பேர் மணிக்கொரு தடவை பிளக்கைத் திறந்துவிடுகிறார்கள். அது வேண்டாத வேலை. ஐஸோடு கிடக்கும் தண்ணீர் 0 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், பாத்திரங்களைச் சுற்றி நின்று குளிரைக் கடத்தும். அதை வெளியே விட்டால் அந்த இடத்துக்குச் சூடான காற்று வரும். ஜூஸ் பெட்டியில் தண்ணீரை வடிக்கவே வேண்டாம்.

---

துறைமுகத்து_ஐஸ்

ஜூஸுக்கு சரி அண்ணே. கறி, மீனுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். மீன் தண்ணியில ஊறினா சதை வெளுத்து, ருசி போயிரும். பொட்டலத்துல சின்ன ஓட்டை இருந்தா அந்தத் தண்ணி பால் பாக்கெட்டத் தொடும். மீனுக்கு நாங்க வைக்கிற கணக்கு கிலோவுக்கு ஒரு கிலோ ஐஸ், தண்ணி தானா வடிஞ்சிட்டே இருக்கணும். இவரு எல்லாத்தையும் ஒரே பெட்டியில வைக்கிறாரு, அதனால அடியில கம்பித் தட்டு போட்டு சாமான ரெண்டு விரக்கடை ஒசத்தி வச்சு, காலையில ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ வடிச்சா போதும். மலைப்பாதை வளைவுல தண்ணி அலம்பினா மூடி வழியாவும் வரும், ஐஸும் சீக்கிரம் கரையும். மேட்டுப்பாளையத்துல நிறுத்தும்போது ஒரு தடவ வடிச்சிட்டு ஏறுங்க.

---

நீர்வடி

கம்பித் தட்டு இருந்தால் அந்த வாதம் நியாயம்தான். கறிப் பெட்டிக்கு வடிப்பதை ஏற்கிறேன். ஐஸ் முழுக்கத் தீரும்வரை ஜூஸ் பெட்டியைத் தொடவேண்டாம்.

---

பேட்டரி_டிக்கி

12 வோல்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் இரண்டு வகை, இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான் என்பதால் குழப்பம். மலிவானது பெல்டியர் வகை. உள்ளே கம்ப்ரஸர் இல்லை, ஒரு சின்ன மின்தகடும் ஃபேனும்தான். வெளிவெப்பத்தைவிட 15 முதல் 20 டிகிரி மட்டும் குறைக்கும். காருக்குள் 40 டிகிரி என்றால் உள்ளே 20–25. கறிக்கு வேண்டியது 5 டிகிரிக்குக் கீழே, அங்கே இது போகாது. அதோடு இடைவிடாமல் 4–5 ஆம்பியர் இழுக்கும். கார் பேட்டரி பொதுவாக 35–65 ஆம்பியர்-மணிக்குள் இருக்கும், இன்ஜின் நிறுத்திய பிறகு ஒரு ராத்திரி சொருகிவைத்தால் காலையில் வண்டி கிளம்பாது.

கம்ப்ரஸர் வகை நிஜமான ஃபிரிட்ஜ். ஓடும்போது 40–60 வாட், நடுநடுவே நின்று நின்று ஓடும். பேட்டரி வோல்ட் இறங்கினால் தானே அணையும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். வருஷத்துக்குப் பலமுறை நான்கு ஐந்து நாள் பயணம் போகிறவர்களுக்கு, தனி லித்தியம் பேட்டரியோடு சேர்த்து அது லாபம். இரண்டு இரவுக்கு ஐஸே போதும்.

உலர் ஐஸ் பற்றி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மைனஸ் 78 டிகிரி, ஒரு கிலோ ஆவியானால் 500 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. ஏசி போட்டு கண்ணாடி ஏற்றிய காருக்குள் ஆறு பேரோடு அதை வைப்பது உயிருக்கு ஆபத்து. காற்று புகாத பெட்டியில் அடைத்தால் பெட்டியும் வெடிக்கும்.

இன்னொன்று, வாங்கும் முன் காரில் இடத்தை அளங்கள். ஏழு இருக்கை வண்டியில் மூன்றாம் வரிசை நிமிர்ந்திருந்தால் பின்னால் இருக்கும் இடம் ஒரு சூட்கேஸுக்குத்தான். 5 செ.மீ. சுவருள்ள 45 லிட்டர் பெட்டி வெளியளவில் 60 × 42 × 40 செ.மீ. வரும், கைப்பிடி தனி. நீங்கள் ஆறு பேர் என்பதால் ஒரு இருக்கை காலி. மூன்றாம் வரிசை பாதிப்பாதியாக மடியும் வகையானால் ஒரு பாதியை மடித்து அங்கே வைக்கலாம். மேலே கேரியரில் கட்டுவது கடைசி வழி. வெயில் நேரே விழும், அப்படிக் கட்டினால் வெள்ளைத் துணி போர்த்துங்கள். உள்ளே வைத்தாலும் ராட்செட் பெல்ட் (இறுக்கும் பிடி வைத்த பட்டை) போட்டு இறுக்கிக் கட்டுங்கள். பெட்டி 9–10 கிலோ, ஐஸ் 12, சாமான் 12, மொத்தம் 33 கிலோவுக்கு மேல். சடன் பிரேக்கில் அது முன் இருக்கைக்காரர் முதுகில் வந்து விழக்கூடாது.

---

பாலக்கரை_பயணி

நல்ல விளக்கம் எல்லாருடையதும். முடிவு செய்துவிட்டேன்: 45 லிட்டர் ரோட்டோமோல்டு, உள்நாட்டுத் தயாரிப்பு, கம்பிக் கீல். இரண்டு சந்தேகம் மட்டும். வாங்கிய பிறகு பெட்டி சொன்னபடி தாங்குமா என்று வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா? பழைய பெட்டியின் கீலை ஒட்ட முடியுமா? ஃபெவிக்விக் போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை.

---

வெப்பக்கணக்கு

சோதனை எளிது. மாலை ஆறு மணிக்குப் பெட்டியில் 12 கிலோ ஐஸ் போட்டு மூடி, வீட்டு நிழலில் வையுங்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு உருகிய தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள், அது சுவரைக் குளிர்விக்கப் போனது, கணக்கில் வராது. அங்கிருந்து சரியாக 24 மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள். பிறகு வடித்து அளவுக்குவளையில் அளங்கள். 24 மணியில் ஒரு லிட்டர் தண்ணீர் என்றால் 3.9 வாட் வெப்பம் புகுந்தது என்று அர்த்தம். அறை 32 டிகிரி இருந்து நாலரை லிட்டர் வந்தால் 5 செ.மீ. சுவர் பொய்யில்லை. 7 லிட்டருக்கு மேல் வந்தால் எங்கேயோ ஃபோம் இல்லை அல்லது மூடி பதியவில்லை, கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். மலைக்கு எவ்வளவு என்று தெரிய, வந்த அளவை 32-ஆல் வகுத்து அங்குள்ள சராசரி டிகிரியால் பெருக்குங்கள்.

அதே நேரம் பெட்டியின் வெளிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சில்லென்று வியர்த்திருந்தால் அதற்குப் பின்னால் ஃபோம் வெற்றிடம். ரப்பர் ஓரத்தில் வரிசையாக நீர்முத்துகள் நின்றால் கேஸ்கெட் அங்கே தூக்கியிருக்கிறது. உள்ளே ஒரு ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டரை நிரந்தரமாகப் போட்டுவையுங்கள், கறி இருக்கும் மட்டத்தில். 5 டிகிரியைத் தாண்டிப் பல மணி நேரம் ஆகியிருந்தால் கறியை மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், தூக்கிப்போடுங்கள். நோய் தரும் கிருமிகளுக்கு வாசனை இருக்கவேண்டும் என்பதில்லை.

---

துறைமுகத்து_ஐஸ்

பாலித்தீன்ல சாதாரணப் பசை எதுவும் பாரம் தாங்கற மாதிரி ஒட்டாது தம்பி. பாலிபுரோப்பிலீன்லயும் அதே கததான். கீல் திருகு பிடிமானம் விட்டுப்போயிருந்தா ரெண்டு வழி. ஒண்ணு, அதே துளையில ஒரு சைஸ் தடிமனான எவர்சில்வர் திருகு. ரெண்டாவது, மூடியில துளை போட்டு போல்ட், ரெண்டு பக்கமும் அகலமான வாஷர், உள்பக்கம் நட். துளை போட்டா ஃபோம் வெளிய தெரியும், போல்ட் எறக்கறதுக்கு முன்னாடி துளைக்குள்ள சிலிக்கான் சீலன்ட் நெறய அடிச்சிட்டு எறக்குங்க, ஒரு நாள் காயவிடுங்க. கீலே பிய்ஞ்சு போயிருந்தா எவர்சில்வர் கதவுக் கீல் ரெண்ட வாங்கி இதே மாதிரி போல்ட் போட்டுக்கலாம். மூடி ரப்பர் போயிருந்தா கார் உதிரிபாகக் கடையில ‘டி’ வடிவ ஒட்டு ரப்பர் பீடிங் மீட்டர் கணக்குல கிடைக்கும். ஒட்டறதுக்கு முன்னாடி விளிம்ப ஸ்பிரிட் போட்டுத் துடைங்க. முனை ரெண்டும் மூலையில சேரக்கூடாது, நீளப் பக்கத்து நடுவுல சேரட்டும்.

பயணம் முடிஞ்சு வந்ததும் சோப்புத் தண்ணி, அப்புறம் சோடா உப்பு கரைச்ச தண்ணி. பிளக்கக் கழட்டி அதோட வாஷர் அடியில தேங்கற வழவழப்ப பழைய பிரஷ்ல தேய்ங்க, நாத்தம் கிளம்பற இடம் அதுதான். நிழல்ல காயவச்சு, லாக் போடாம, மூடிக்கு நடுவுல ஒரு குச்சி வச்சு லேசா தொறந்தபடி எடுத்து வைங்க. லாக் போட்டே மாசக்கணக்கா வச்சா ரப்பர் நசுங்கின மேனிக்கே நின்னுரும், அடுத்த தடவ காகிதம் வச்சு இழுத்தா வழுக்கிட்டு வரும்.